இயந்திர உருவும் ஊர் வாழ்வும்

புதிதாக ஓர் ஊரிற் குடியேறும் ஒருவனுக்கு வீடு ஒரு நாளிற் கிடைத்துவிடலாம்; உறவு அவ்வளவு விரைவிற் கிடைப்பதில்லை. ஏரிக்கரை உடைந்த இரவில் மண் சுமந்தவன் யார், பக்கத்து வீட்டில் நோயுற்றவர்க்கு மருத்துவரை அழைத்து வந்தவன் யார் என்பதைக் கொண்டே ஊரார் ஒருவனைத் தம்மவன் என்று மதிப்பர். அவன் உடுத்தியிருக்கும் உடையை முதல்நாள் மட்டுமே நோக்குவர். மறுநாள் முதல் அவன் செயலையே நோக்குவர். மண்ணின்மீது அமைந்த ஊர்களுக்கு மட்டுமன்றி, கணிப்பொறிகளின் உள்ளே மக்கள் படைத்துக்கொண்ட ஊர்களுக்கும் இது பொருந்துகின்றது. அவ்வூர்களில் இயந்திர மனிதனின் உருவைப் பூண்டு வாழ்வோரும் பலர் உளர். உருவைப் பெற்றபின் அவர்கள் அடுத்துச் செய்யவேண்டுவது யாது என்பது எளிய வினாப்போலத் தோன்றும். அவ்வுலகில் ஒருவர் நிலைத்து வாழ்வதும், சில நாளில் மனம் சலித்து நீங்கிவிடுவதும் அவ்வினாவிற்கு அவர் காணும் விடையையே சார்ந்துள்ளன.

இத்தகைய மெய்நிகர் உலகங்களுள் ஒன்று 'செகண்ட் லைஃப்' என்பது. பிலிப் ரோஸ்டேல் என்பார் 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் லிண்டன் லேப் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அந்நிறுவனம் 2003 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள் இவ்வுலகைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இதனை விளையாட்டு என்று கூறுதல் முற்றும் பொருந்தாது. வெல்லவேண்டிய பகைவரோ, எய்தவேண்டிய இலக்கோ, முடிவோ இதில் இல்லை. நிலமும் நீரும் வானும் உண்டு. மற்றவற்றை யெல்லாம் அங்கு வாழ்வோரே படைத்துக்கொள்ளல் வேண்டும். நிலம் பக்கத்திற்கு 256 மீட்டர் அளவுள்ள சதுரப் பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒருவர் தட்டச்சுச் செய்து பேசினால் அப்பேச்சு 20 மீட்டர் தொலைவு வரை சென்று சேரும். கூவினால் 100 மீட்டர் வரை எட்டும். மெல்லச் சொன்னால் 10 மீட்டரோடு நின்றுவிடும். அருகில் நிற்போரே அளவளாவ முடியும் என்னும் இவ்விதி சிறிதெனினும், அதுவே அங்குத் தெருவையும் திண்ணையையும் உண்டாக்கியது.

அவ்வுலகினுள் ஒருவர்க்குரிய உருவை 'அவதார்' என்பர். 'இறங்கி வருதல்' என்னும் பொருளுடைய 'அவதாரம்' என்னும் வடசொல்லே இவ்வாறு திரிந்து மேனாடு சென்று, மீண்டும் வேறு கோலத்தோடு திரும்பி வந்துள்ளது. 'ரோபோ' என்னும் சொல்லின் வரலாறும் அறியத்தக்கது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920 இல் எழுதிய நாடகம் ஒன்றில் அச்சொல் முதன்முதல் இடம்பெற்றது. அச்சொல்லை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவருடைய உடன்பிறந்தாராகிய ஜோசப். செக் மொழியில் அதன் வேர்ச்சொல், நிலக்கிழாருக்குக் குடிமக்கள் கூலியின்றிச் செய்துவந்த கட்டாய உழைப்பைக் குறிப்பதாகும். எனவே, இயந்திர உருவை அணிவோர் உழைப்பாளியின் பெயரை அணிகின்றனர் எனலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு: இவர்கள் உழைப்பைக் கட்டாயப்படுத்துவார் எவருமிலர்.

இயந்திர உருவின்மீது பலர்க்கு விருப்பம் உண்டானதற்குப் புறத்தோற்றம் மட்டும் காரணம் அன்று. செய்முறையும் ஒரு காரணமாகும். அவ்வுலகின் தொடக்க ஆண்டுகளில் எப்பொருளையும் 'பிரிம்' எனப்படும் அடிப்படை வடிவங்களைக் கொண்டே செய்தனர். பெட்டி, உருளை, கோளம், வளையம் என்பன அவை. புதிதாக ஒன்றைத் தோற்றுவித்தால் அரை மீட்டர் அளவுள்ள ஒரு பலகைப் பெட்டி கண்முன் வந்து நிற்கும். அதனை நீட்டியும் குறுக்கியும் முறுக்கியும் குடைந்தும் வேண்டிய வடிவமாக்கலாம். ஆனால், அப்பொருள் மரக்கட்டையைப் போல விறைப்பானது, வளைந்து கொடாது. மனிதக் கை ஒன்றை இவ்வாறு செய்து உடலிற் பொருத்தினால், முழங்கையை மடக்கும்போது தசை வளையாமல் பிளவு தோன்றும். காண்பதற்கு அருவருப்பாக இருக்கும். இயந்திர மனிதனின் கையோ இயல்பிலேயே விறைப்பானது. முழங்கையில் ஒரு கீல் தெரிவதுதான் அதற்கு அழகு. குறையாகிய ஒன்று இங்கே பொருத்தமாக மாறிவிட்டது. ஆகவே, தச்சுவேலை பயில்வோன் முதலில் முக்காலி செய்வதுபோல, உருவஞ் செய்யப் பயில்வோர்க்கு இயந்திர மனிதன் ஏற்ற தொடக்கமாயிற்று. தலை, தோள், மார்பு, முழங்கால் ஆகியவற்றில் அமைந்துள்ள பொருத்துமிடங்களில் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு, உள்ளிருக்கும் மனித உடலைப் பார்வைக்கு மறைத்துவிடுவர். 2011 ஆம் ஆண்டிற்குப் பின், வெளியே வேறு கருவிகளாற் செதுக்கிய வலை வடிவங்களையும் உள்ளே கொண்டுவரும் வழி பிறந்தது. அதன்பின் கலைநயம் மிகுந்தது. ஆனால், பலகைப் பெட்டியை நீட்டிக் குறுக்கிக் கற்கும் எளிமை குறைந்தது.

உருவைப் பெறுவது, கடையில் வாங்கினாலும் தாமே செய்தாலும், ஒருசில நாளில் முடிந்துவிடும் செயல். அதன்பின் என்ன? புதியவர் பலர் பளபளக்கும் உலோக உடலோடு நடந்து திரிகின்றனர், பறக்கவும் செய்கின்றனர். அழகிய மாளிகைகளைக் காண்கின்றனர், அவற்றில் ஆளிருப்பதில்லை. உலகின் பல மூலைகளில் வாழ்வோர் வெவ்வேறு நேரங்களில் வந்து போவதால், அங்குள்ள இடங்கள் பலவும் பெரும்பாலான நேரம் வெறிச்சோடிக் கிடப்பன. எதிர்ப்படும் ஒருவரிடம் பேச நாணம். இவ்வாறு சில மாலைப்பொழுதுகள் கழிந்தபின், இங்கு ஒன்றுமில்லை என்று கூறி நீங்கிவிடுகின்றனர். அங்கு ஒன்றுமில்லாமல் இல்லை. அவர்களுக்கென்று ஒரு வேலை இல்லை என்பதே உண்மை.

இந்நிலையை முன்னரே உணர்ந்த சில குடிகள், புதியவர்களை வரவேற்றுப் பயிற்றுவிக்கும் இடங்களைத் தாமே அமைத்தனர். 'கலிடன்' என்னும் குடியிருப்பு 2006 இல் உருவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீராவிப் பொறிகளும் பற்சக்கரங்களும் நிறைந்த கற்பனை நாடு அது. பித்தளைத் தகடும் கடிகாரச் சக்கரமும் கொண்ட இயந்திர உருவினர்க்கு அங்கு இயல்பாகவே ஓரிடம் உண்டு. அக்குடியிருப்பினர் நடத்தும் பள்ளியில், நடப்பது எப்படி, உடை மாற்றுவது எப்படி, பொருள் செய்வது எப்படி என்பனவற்றைப் புதியவர் கட்டணமின்றிக் கற்கலாம். பொருள் செய்து பழகுவதற்கென்றே 'சாண்ட்பாக்ஸ்' எனப்படும் பொதுத்திடல்களும் உண்டு. குழந்தைகள் மணலில் வீடு கட்டி அழிப்பதுபோல, அங்கு எவரும் எதையும் செய்து பார்க்கலாம். குறித்த நேரம் கழிந்தபின் திடல் தானே துப்புரவாகிவிடும். இயந்திர உருவம் செய்வோர் ஒருவரையொருவர் முதலிற் கண்டு பழகுவதற்கு இத்திடல்களினும் ஏற்ற இடம் வேறில்லை. ஒருவர் கணுக்கால் ஒன்றைப் பொருத்த முடியாமல் திணறுவார். பக்கத்தில் நிற்பவர் ஒரு சொல் சொல்லுவார். நட்பு அங்கே தொடங்கும்.

பழக்கம் முதிர்ந்தபின் குழுவிற் சேர்தல் அடுத்த படி. குழு என்பது பெயர்ப்பட்டியல் மட்டுமன்று. உறுப்பினர் தலைக்குமேல் குழுவின் பெயர் தோன்றும். அறிவிப்புகள் அனைவர்க்கும் செல்லும். நிலத்தைக் குழுவே பொதுவிற் கொள்ளலாம். அந்நிலத்தில் எவர் கட்டலாம், எவர் நீக்கலாம் என்னும் உரிமைகளைப் பொறுப்புக்கேற்பப் பகுத்துத் தரலாம். ஒரு சிற்றூரின் மன்றம் செய்யும் வேலைகளுட் பல இதனுள் அடங்கிவிடுகின்றன. குழுவிற் சேர்ந்தும் வாய் திறவாதிருப்போர் எங்கும் மிகுதி. கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை ஒழுங்குசெய்யும் ஒருவர் இருந்தால், அவரை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்வர். மெய்நிகர் நாற்காலிக்கும் இது பொருந்தும்!

இயந்திர உருவினர் சிறப்பாக அறியவேண்டுவது ஒன்றுண்டு. ஒவ்வொரு நிலப்பகுதியையும் இயக்குவது தொலைவில் உள்ள ஒரு வழங்கிக் கணிப்பொறி. அது ஒரு நொடியில் 45 முறை அப்பகுதியின் நிலையைக் கணக்கிடுகின்றது. அங்கு நிற்கும் அனைவருடைய அசைவுகளையும், அவர்கள் அணிந்துள்ள பொருள்களிற் பொதிந்த கட்டளை நிரல்களையும் அவ்வொரு கணிப்பொறியே தாங்கவேண்டும். இயந்திர உருவம் பெரும்பாலும் நிரல்கள் நிறைந்தது: கண்ணில் விளக்கு மினுக்கும் நிரல், மூட்டில் ஒலி எழுப்பும் நிரல், மார்புக் கதவைத் திறக்கும் நிரல் என்று பல. இவற்றினும் தொல்லை தருவது உறுப்பின் அளவைக் கூட்டிக் குறைப்பதற்கென்று ஒவ்வொரு துண்டிலும் வைத்திருக்கும் நிரல். அளவு சரியானபின் அதனால் ஒரு பயனும் இல்லை. ஆயினும் நீக்க மறந்துவிட்டால், நூறு துண்டுகள் கொண்ட உருவில் நூறு நிரல்கள் வீணே கிடக்கும். இத்தகையோர் பலர் ஒரு விழாவிற் கூடினால் வழங்கி திணறும். நடப்பவர் சேற்றில் நடப்பவர்போல ஆவர். பேசிய சொல் காலந்தாழ்ந்து தோன்றும். ஒருவருடைய அணிகலனுக்கு அயலார் விலை கொடுக்கும் நிலை இது. ஆகவே, விழாவிற்குச் செல்லுமுன் வேண்டாத நிரல்களை நீக்கி எளிய உருவில் வருமாறு பல இடங்களில் வேண்டிக்கொள்வர். வீட்டுக் கழிவுநீரைத் தெருவில் விடாமை எவ்வாறு ஊரொழுக்கமோ, அவ்வாறே இதுவும் அவ்வுலகின் ஊரொழுக்கம் ஆயிற்று. உருவின் உயரமும் அவ்வாறே. ஆறு மீட்டர் உயரமுள்ள இயந்திரன் மனித அளவிற் கட்டிய வீட்டினுள் நுழைந்தால் தலை கூரைக்கு மேலே நிற்கும். வீட்டுக்குரியார் சிரிப்பரா சினப்பரா என்பதை முன்னரே கேட்டறிந்து செல்வது நலம்.

கொடுத்தலும் பெறுதலும் அவ்வுலகில் நுட்பமான முறையில் அமைந்துள்ளன. ஒரு பொருளைச் செய்தவர் அதனைப் பிறர்க்குத் தரும்போது மூன்று உரிமைகளைத் தரலாம் அல்லது மறுக்கலாம்: படியெடுக்கும் உரிமை, திருத்தும் உரிமை, பிறர்க்கு வழங்கும் உரிமை. தம் படைப்புகளின்மீது படைத்தவர்க்கே உரிமை உண்டு என்பதை நிறுவனம் 2003 ஆம் ஆண்டிலேயே ஏற்று அறிவித்தது. அதனால் விற்பனை வளர்ந்தது, பலர் பொருளீட்டினர். எனினும், மூன்று உரிமைகளையும் வழங்கிவிட்ட பொருள்களே கைத்திறனை வளர்த்தன என்பதில் ஐயமில்லை. திருத்தும் உரிமையோடு கிடைத்த இயந்திரக் கை ஒன்றைப் புதியவர் பிரித்துப் பார்க்கலாம். எந்த உருளை எந்தப் பெட்டியோடு எவ்வாறு இணைந்தது என்பதைக் காணலாம். நிரலைப் படித்துத் தம் விருப்பிற்கேற்ப மாற்றலாம். பூட்டிய பொருள் அணிவதற்கு மட்டுமே பயன்படும். திறந்த பொருள் ஆசிரியனாகவும் ஆகும். நல்ல படைப்பாளர் சிலர் விலைக்குத் தருவன சிலவும், கற்பாருக்கென்று திறந்து தருவன சிலவுமாக வைத்திருப்பது இதனாலேயாம்.

சமுதாயத்தை நிறுவனமே திட்டமிட்டு அமைத்துத் தந்துவிட முடியாதா என்று சிலர் வினவலாம். அதனை முயன்று பார்த்தோர் உண்டு. 1986 ஆம் ஆண்டு முதல் 1988 வரை அமெரிக்காவில் 'ஹாபிடாட்' என்னும் உலகு சோதனையாக நடைபெற்றது. லூகாஸ் ஃபிலிம் நிறுவனத்தைச் சார்ந்த சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் என்னும் இருவர் அதனை அமைத்தனர். வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாக, இன்றைய நிலையில் எறும்பு ஊர்வதுபோன்ற வேகத்தில், செய்திகள் சென்று வந்தன. கணிப்பொறியுலக உருவிற்கு 'அவதார்' என்னும் பெயரை வழங்கிய முன்னோடிகளுள் இவர்களும் அடங்குவர். குடிகள் பல நாள் தேடி மகிழட்டும் என்று கருதிப் புதையல் வேட்டை ஒன்றை இவர்கள் அமைத்தனர். நூறு பகுதிகள் கொண்ட ஒரு தீவையே அதற்கெனக் கட்டப் பல வாரங்கள் ஆயின. முக்கியமான குறிப்பை ஒருவர் முதற் கால்மணி நேரத்திலேயே கண்டுகொண்டார். சுமார் எட்டு மணி நேரத்தில் வேட்டை முடிந்தே போயிற்று! குடிகளுட் பலர் தொடங்கவே இல்லை.

அதே ஹாபிடாட்டில், எவரும் திட்டமிடாதவை நிலைபெற்றன. ஒருவர் தாமே செய்தியிதழ் ஒன்றைத் தொடங்கி வாரந்தோறும் 20 முதல் 50 பக்கங்கள் வரை வெளியிட்டார். திருட்டும் கொலையும் மலிந்தபோது, மெய்யுலகில் சமய குருவாக விளங்கிய ஒருவர் ஓர் அறநெறிக் கூட்டத்தை நிறுவினார். அதிற் சேர்ந்தோர் படைக்கலம் ஏந்தலாகாது, திருடலாகாது, வன்முறையில் ஈடுபடலாகாது. அவ்வுலகிற் கொலை குற்றமா, விளையாட்டின் பகுதியா என்பதுபற்றிக் குடிகள் மன்றங் கூடி வாதிட்டனர்; காவல் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர்; அவருக்கு எவ்வளவு அதிகாரம் தருவது என்பது குறித்து மீண்டும் வாதிட்டனர்.

அங்கு நிகழ்ந்த வேறொரு நிகழ்ச்சி வேடிக்கையானது. ஊரின் ஒருபுறத்துப் பொறியில் பொம்மை 75 காசுக்குக் கிடைத்தது. மறுபுறத்துப் பொறி அதனை 100 காசுக்கு வாங்கிக்கொண்டது. இந்தக் கணக்குப் பிழையைக் கண்ட சிலர் ஓரிரவு முழுதும் பொம்மைகளைச் சுமந்து விற்றனர். போதிய காசு சேர்ந்தபின், 18,000 காசுக்குப் பளிங்குப் பந்தை வாங்கி 30,000 காசுக்கு விற்கத் தலைப்பட்டனர். பொழுது விடிந்தபோது அவ்வுலகில் வழங்கிய பணம் ஐந்து மடங்காகிவிட்டது. அமைப்பாளர் திகைத்தனர். ஆயினும், செல்வரான அக்குடிகள் அப்பணத்தைக் கொண்டு மற்றவர்கள் பங்குகொள்ளும் புதையல் வேட்டைகளைப் பின்னர் நடத்தினர். அமைப்பாளர் நடத்திய வேட்டை ஒரு நாளில் ஓய, குடிகளே நடத்தியவை ஊரார் விழாக்களாயின.

செகண்ட் லைஃப் உலகில் நடைபெறும் பொதுப்பணிகளுட் பெரிது 'ரிலே ஃபார் லைஃப்' என்னும் நடைப்பயணம். புற்றுநோய் ஒழிப்புக்கு நிதி திரட்டும் பொருட்டு, 1985 இல் கோர்டி கிளாட் என்னும் அறுவை மருத்துவர் அமெரிக்காவின் டகோமா நகரில் 24 மணி நேரம் ஓட்டக்களத்தைச் சுற்றிவந்து 27,000 டாலர் திரட்டினார். அதிலிருந்து வளர்ந்த இயக்கத்தை அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் நடத்தி வருகின்றது. 2005 ஆம் ஆண்டு முதல் இந்நடை மெய்நிகர் உலகிலும் இடம்பெற்றது. பல பகுதிகளை இணைத்து அமைத்த நீண்ட பாதையில் மனித உருவினரும் விலங்குருவினரும் இயந்திர உருவினரும் சேர்ந்து நடக்கின்றனர். நடப்பவை உருவங்களே, திரட்டிய நிதியோ மெய்யான பணம். குழுக்கள் தம் பாசறைகளை அமைக்கும் வேலை சில வாரங்களுக்கு முன்னரே தொடங்கிவிடும். நிரல் எழுதத் தெரிந்தவருக்கும், கட்டத் தெரிந்தவருக்கும், ஒன்றும் தெரியாவிடினும் வந்தவரை வரவேற்கத் தெரிந்தவருக்கும் அங்கு வேலை உண்டு. முகமில்லா உலோகத் தலையோடு வந்த ஒருவர், இறந்த தம் தாயின் பெயரால் விளக்கேற்றிப் பாதையோரம் வைக்கும்போது, அவரிடம் எவரும் முகம் எங்கே என்று கேட்பதில்லை.

உடற்குறையுற்றோர்க்கு இவ்வுலகு பொழுதுபோக்கினும் மேலானதாகும். வீட்டை விட்டு வெளிவர இயலாதவர்க்கு ஊரே இல்லாது போய்விடுகின்றது. பேச ஆளின்றிக் கழியும் நாள்களின் சுமை நோயின் சுமையினும் பெரிதாகலாம். 'விர்ச்சுவல் அபிலிட்டி' என்னும் தொண்டு நிறுவனம் இத்தகையோர் செகண்ட் லைஃபிற் புகுந்து பழகத் துணை செய்கின்றது. கூட்டங்களிற் குரலாற் பேசப்படுவதைக் கேட்கவியலாதார் பொருட்டு எழுத்தாக்கித் தருவர். அவ்வமைப்பு 2009 இல் லிண்டன் லேப் வழங்கிய பரிசைப் பெற்ற இரண்டனுள் ஒன்று. அதில் உதவி செய்வோர் பலரும் முன்னர் உதவி பெற்றவர்களே. பெறுபவராக மட்டுமே நடத்தப்பட்டுவந்த ஒருவர் கொடுப்பவராக மாறுவது சிறிய மாற்றம் அன்று.

இவ்வகை வாழ்வு மெய்நிகர் உலகோடு நின்றுவிடவில்லை. மெய்யான இயந்திர உருவிலும் வந்துள்ளது. ஜப்பானில் கென்டாரோ யோஷிஃபுஜி என்பார் 'ஒரிஹிமே' என்னும் சிறிய இயந்திரத்தைப் படைத்தார். படுக்கையிற் கிடப்பவர் வீட்டிலிருந்தே அதனை இயக்கி, அதன் கண்ணாற் கண்டு, அதன் வழியே பேசலாம். அதன் முகம் உணர்ச்சி எதனையும் வெளிப்படையாகக் காட்டாதபடி, ஜப்பானிய நோ நாடக முகமூடியைத் தழுவி அமைந்தது. ஆகவே எதிரில் இருப்பவர், பேசுபவரின் முகத்தைத் தம் மனத்தில் வரைந்துகொள்கின்றனர். 2018 இல் டோக்கியோவில் இவ்வகை இயந்திரங்களைக் கொண்டு ஒரு சிற்றுண்டிச் சாலை சோதனையாக நடந்தது. 2021 இல் நிலையான சாலை திறக்கப்பட்டது. தசைகள் செயலிழந்தவரும் தண்டுவடம் அடிபட்டவரும் தத்தம் இல்லத்திலிருந்தே அங்கு வருவோர்க்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, உரையாடி, ஊதியம் பெற்றனர். உருவமும் தொழிலும் ஒருங்கே கிடைத்தபோதுதான் அவர்கள் ஓரிடத்தைச் சேர்ந்தவராயினர்.

முகமறியாமையால் விளையும் தீங்கையும் கூறாது விடுதல் முறையன்று. இயந்திர உரு அணிந்தவரின் வயது, நாடு, நோக்கம் எதுவும் புலனாகா. அதனால் நிறமும் குலமும் பார்த்து ஒதுக்கும் தீமை குறைகின்றது. அதே திரையின் பின்னே வஞ்சகனும் மறையலாம். பதினாறு வயது நிரம்பாதோர் செகண்ட் லைஃபில் தாமாக நுழைவதற்கு விதி இடந்தருவதில்லை. வயது நிரம்பியோரும் தம் முகவரி, பள்ளி, பணச்செய்தி ஆகியவற்றைத் தொடக்கத்தில் வெளியிடாதிருத்தல் வேண்டும். தனியே வா என்று அழைப்பவரினும், பலர் கூடும் இடத்தில் பலர் அறியப் பணிசெய்பவரை நம்புதல் தக்கது. பொதுப்பணியில் ஒருவருடைய பொறுமையும் நேர்மையும் மெல்ல மெல்லத் தெரியவரும். இனிய சொல்லால் மட்டும் அவற்றை அறிதல் அரிது.

இத்துணை உழைத்துக் கட்டிய உலகு ஒருநாள் மூடப்படின் என்னாகும்? இது கற்பனை வினா அன்று. சயன் வேர்ல்ட்ஸ் நிறுவனத்தின் 'ஊரு' என்னும் உலகு, சோதனை நிலையிலேயே 2004 இல் நிறுத்தப்பட்டது. அங்குக் கூடி வாழ்ந்தோர் சில திங்களே பழகியவர். எனினும் பிரிய மனமில்லை. ஊரிழந்த மக்கள் கூட்டமாகப் பெயர்ந்து செல்வதுபோல, ஒரு பகுதியினர் 'தேர்' என்னும் உலகிற்கும், வேறொரு பகுதியினர் செகண்ட் லைஃபிற்கும் சென்றனர். புதிய நிலத்தில் பழைய ஊரின் சின்னங்களைத் தம் கையாற் கட்டினர். புதிய அயலாருள் சிலர் இக்கூட்டத்தாரை ஐயுற்று வெறுத்ததும் உண்டு. நாளடைவில் இவர்கள் கட்டுங் கலையில் திறம்பெற்று அங்கும் மதிக்கப்பட்டனர். செலியா பியர்ஸ் என்னும் ஆய்வாளர் இவர்களோடு பழகி ஆராய்ந்து 2009 இல் நூலொன்று வெளியிட்டார். அடுத்த ஆண்டே 'தேர்' உலகும் மூடப்பட்டது. அங்குச் சென்றவர் இரண்டாம் முறை வீடிழந்தனர். அவ்வுலகு 2012 இல் மீண்டும் திறக்கப்பட்டது என்பது வேறு செய்தி.

ஊரு உலகோ 2007 இல் மீண்டும் தோன்றி, 2008 இல் மீண்டும் மறைந்தது. 2010 இல் சயன் நிறுவனம் அதனை எவரும் கட்டணமின்றி நுழையும்படி திறந்து வைத்தது. அடுத்த ஆண்டில் அதன் மென்பொருளின் மூல நிரல்களையும் வெளியிட்டது. அவற்றைக் கற்று அன்பர்கள் படைத்த புதிய இடங்கள் சில பின்னர் அவ்வுலகிலேயே சேர்க்கப்பட்டன. அவ்வுலகை இயக்குவதற்கு ஆகும் செலவை, அதிற் கூடி வாழ்வோர் விரும்பி அளிக்கும் நன்கொடை தாங்கி வருகின்றது.